தொலைந்த சோர்ஸும் நாங்கள் சேர்த்த மாதிரிகளும்

எங்களுக்கு நாலு பட்ச் முந்தின அக்கா ஒருவர் எழுதிய செய்நிரல் ஒன்று எங்கட துறையில் இருக்கிறது. சொல்லடைவு தயாரிக்கிற செய்நிரல். ஒவ்வொரு பட்ச்சும் களவேலைக்குப் போய் எழுதிக்கொண்டு வருகிற பேச்சுவழக்குச் சொற்களை, முக்கியமாகக் கரையோரத்துத் தொழிற்சொற்களை, அது தமிழ் அகரவரிசையில் அடுக்கி, எந்த ஊரில் எந்த ஆண்டு கேட்டது என்ற குறிப்போடு தரும். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுகளுக்கு மட்டுமே பக்கக்கணக்கில் பதிவு இருக்கிறது.

அகரவரிசையில் அடுக்குவதற்கு ஒரு செய்நிரலா என்று கேட்பீர்கள். கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு இலக்கம். யூனிகோடின் இலக்க வரிசையில் ‘ந’வுக்குப் பக்கத்தில் ‘ன’ இருக்கிறது, ‘ர’வுக்குப் பக்கத்தில் ‘ற’, அதற்குப் பிறகு ல, ள, ழ, வ. அந்த இலக்கப்படியே அடுக்கவிட்டால் வற்றல், வலை, வள்ளம், வழி என்று வரும். அகராதியில் வரவேண்டியது வலை, வழி, வள்ளம், வற்றல். புள்ளியும் தகராறுதான். அகராதியில் ‘பக்கம்’ முந்தி, ‘பகல்’ பிந்தி. இலக்கப்படி போனால் மறுபக்கம். இதையெல்லாம் சரிப்பண்ணத்தான் அக்கா 247 எழுத்தோடு ஜ, ஷ, ஸ, ஹ நாலுக்கும் பதின்மூன்று வடிவம்படி 52ஐயும் சேர்த்து, 299 எழுத்துக்கும் வரிசை இலக்கம் குடுத்து ஒரு அட்டவணை போட்டு வைத்தா.

இப்போது அதில் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படுகிறது. ஊரும் ஆண்டும் காணாது, ஒலிப்பதிவின் எத்தனையாவது நிமிடத்தில் அந்தச் சொல் வருகிறது என்பதும் வேண்டும். பைதன் தெரிந்த ஆருக்கும் ஒரு பின்னேர வேலை. ஆனால் திருத்துவதற்கு சோர்ஸ் இல்லை. அக்கா 2022 இல், எல்லாருக்கும் கை இறுகின நேரம், லப்டொப்பை வித்திட்டா. விற்க முதல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தானே குடுப்பார்கள். துறைக்குக் குடுத்த பென்ட்ரைவில் இருந்தது கொம்பைல் பண்ணின பிவைசி கோப்பு ஒன்று மட்டும். “ஆராவது தெரியாமல் தட்டி உடைச்சிடுவினம் எண்டுதான் அதை மட்டும் போட்டனான்” என்றா. நியாயமான காரணம்தான்.

பிவைசி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நாங்கள் எழுதுகிற பைதனைக் கணினி அப்படியே வாசிப்பதில்லை. முதலில் அதைப் பைட்கோட் என்கிற இடைநிலை மொழிக்கு மாற்றிக்கொள்ளும். ‘இந்த மதிப்பை எடு, அந்த மதிப்பை எடு, இரண்டையும் ஒப்பிடு, பொய்யென்றால் இத்தனையாவது இடத்துக்குத் தாவு’ என்கிற மாதிரிச் சின்னச் சின்னக் கட்டளைகள். அந்தக் கட்டளைகளைச் சேமித்து வைத்த கோப்புத்தான் பிவைசி. மாறிகளின் பெயர், எழுத்துச் சரங்கள், எண்கள் எல்லாம் அதுக்குள் இருக்கும். கொமென்ட் மட்டும் இராது. கொமென்ட் மனிதருக்கு எழுதுவது, கணினிக்கு அதால் பிரயோசனம் இல்லை, போட்டுவிடும்.

கோப்பின் முதல் 16 பைட்டை நாங்கள் ஒரு இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றால் நம்பமாட்டீர்கள். முதல் நாலு பைட் 85, 13, 13, 10. முதல் இரண்டும் சேர்ந்தால் 3413, அது பைதன் 3.8 இன் அடையாளம். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒவ்வொரு இலக்கம். 13, 10 என்ற கடைசி இரண்டும் வரிமுடிவுக் குறிகள். ஆராவது இந்தக் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பென்று நினைத்து இடம்மாற்றினால் அந்த இரண்டும் குழம்பும், குழம்பினால் பைதன் உடனே கண்டுபிடித்து மறுத்துவிடும். அதற்காகவே வேண்டுமென்று வைத்திருக்கிறார்கள். நெல்லு மூட்டைக்கு முத்திரை வைக்கிற மாதிரி.

அடுத்த நாலு பைட் கொடிகள், எங்கட கோப்பில் வெறும் பூச்சியம். அதற்கடுத்த நாலு பைட் சோர்ஸ் கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம், 1970 ஜனவரி 1 தொடக்கம் எத்தனை செக்கன் என்ற கணக்கில். மாற்றி, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் 2021 செப்டெம்பர், அதிகாலை 2.47. கொரோனா ஊரடங்கு நேரம். கம்பஸ் பூட்டி, எல்லாம் ஒன்லைனில் ஓடின காலம். கடைசி நாலு பைட்டில் சோர்ஸ் கோப்பின் அளவு: 41,212 பைட். அதாவது தொலைந்துபோன ஒன்றின் நீளம் எங்களுக்குத் துல்லியமாகத் தெரியும். உள்ளே என்ன இருந்தது என்பதுதான் தெரியாது.

கொஞ்சம் விசயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் கேட்பார்கள்: பைதன் 3.8ஐ இறக்கி அப்படியே ஓடவிட்டால் என்ன? ஓடும். ஓடவிடுவது பிரச்சினையில்லை. திருத்துவதுதான் பிரச்சினை. பைட்கோட்டிலிருந்து பைதனை மீட்க வேண்டும்.

மீட்டுத் தருகிற கருவிகளுக்கு டீகொம்பைலர் என்று பெயர். பைதனுக்கு இலவசமாகவே சில இருக்கின்றன. அவற்றில் பழைய பரம்பரையைச் சேர்ந்த அன்கொம்பைல்6 என்பது 3.8 வரையான பதிப்புகளைத் தொடும். எங்கட கோப்பும் 3.8, நல்லகாலம். அதன் உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று பார்க்கப்போனபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது பைட்கோட்டை ஒரு மொழியாகவே எடுத்துக்கொள்கிறது. கட்டளைகள் சொற்கள், அவற்றுக்கு ஒரு இலக்கணம், அந்த இலக்கணத்தை வைத்து வாக்கியம் பிரிக்கிற மாதிரிப் பிரிக்கிறது. அடிப்படை ஜோன் ஏய்கொக் என்பவர் செய்த ஸ்பார்க் என்ற கருவித்தொகுதி. அதற்குள் இருப்பது ஜே ஏர்லி 1970 இல் வெளியிட்ட பகுப்பாய்வு முறை. கணினிசார் மொழியியலில் வாக்கியப் பகுப்பு என்று தொடங்கினால் அங்கேயும் இதே ஏர்லிதான் வருவார். கலைப்பீடப் பெடியளுக்கு உது என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கு இதை ஒருமுறை சொல்லிக்காட்டினோம்.

சரி, கருவியை ஓடவிட்டோம். அறுபத்து மூன்று ஃபங்ஷனில் பெரும்பாலானவை வடிவாக வந்தன. சிலதில் கருவி ‘இதை என்னால் பிரிக்க ஏலாது’ என்று கையை விரித்துவிட்டது. கையை விரித்ததில் எங்களுக்குக் கவலையில்லை. அது நேர்மையான தோல்வி. பயம் மற்றதில். வடிவாக வந்திருக்கும், வாசிக்கப் பிழை தெரியாது, ஓடவும் ஓடும், ஆனால் அக்கா எழுதினது அதுவாக இராது.

“பழைய வலையும் வள்ளமும் கிடந்தது” என்று களக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. வலை மட்டும் பழசா, வள்ளமும் பழசா? வரியைப் பார்த்துச் சொல்ல ஏலாது. செய்நிரலிலும் இதே சிக்கல் உண்டு. ‘அ இருக்கவேண்டும், அதோடு ஆ அல்லது இ இருக்கவேண்டும்’ என்பது ஒன்று. ‘அவும் ஆவும் இருக்கவேண்டும், அல்லது இ இருந்தால் போதும்’ என்பது வேறொன்று. சோர்ஸில் ஒரு அடைப்புக்குறிதான் வித்தியாசம். பைட்கோட்டில் கட்டளைகள் ஏறக்குறைய ஒன்றேதான், தாவுகிற இடம் மட்டும் மாறும். நாங்கள் ஓடவிட்ட கருவியொன்று ஒரு ஃபங்ஷனில் அந்த அடைப்புக்குறியை விட்டுவிட்டது. (எது என்று சொல்லவில்லை. சம்பளம் வாங்காமல் எழுதித் தந்தவர்களை நாங்கள் எந்த வாயால் குறை சொல்வது.) விளைவு என்னவென்றால், கிரந்த எழுத்தில் தொடங்கி அடுத்து மெய்யெழுத்து வருகிற சொற்கள் மட்டும் இடம்மாறும். சொல்லடைவில் அப்படி எத்தனை சொல் இருக்கப்போகிறது? விரல்விட்டு எண்ணலாம். ஆருடைய கண்ணிலும் படாது. பத்து வருசத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை அந்தச் சொல்லைத் தேடி, இருக்கவேண்டிய இடத்தில் காணாமல், இந்த ஊரில் இந்தச் சொல் இல்லை என்று எழுதிவிட்டுப் போகும்.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மீட்ட சோர்ஸை அதே 3.8 இல் திரும்பக் கொம்பைல் பண்ணி, வருகிற பைட்கோட்டை அக்காவின் பைட்கோட்டோடு ஒப்பிடுவது. ஒன்றாக இருந்தால் சரி. கேட்க லேசு. ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிட ஏலாது. ஒரே சோர்ஸை இரண்டு தரம் கொம்பைல் பண்ணினாலே சிலவேளை வேறு வேறு பைட் வரும். ‘இந்த எழுத்து ஜ, ஷ, ஸ, ஹ கூட்டத்தில் இருக்கிறதா’ என்று எழுதினால் பைதன் அந்த நாலையும் ஒரு கணமாகச் சேமிக்கும், கணத்துக்குள் எது முந்தி எது பிந்தி என்பது ஒவ்வொரு தரமும் மாறலாம். வரி இலக்கங்கள் வேறு மாறும். ஆகவே எதைப் பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்று தெரிவுசெய்கிற ஒப்பீட்டுக் கருவி ஒன்றை நாங்களே எழுதினோம். அங்கேதான் அடுத்த கேள்வி: அந்த ஒப்பீட்டுக் கருவியை எப்படி நம்புவது?

தாவும் இடங்களைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் வேலை அரைவாசியாகக் குறையும். ஆனால் மேலே சொன்ன அடைப்புக்குறிப் பிழை அப்படியே பாஸாகிவிடும். மாறிலிகளைச் சும்மா ‘சமமா’ என்று கேட்டால் பைதன் 1ஐயும் 1.0ஐயும் ‘உண்மை’ என்ற மதிப்பையும் சமம் என்றே சொல்லும். தளர விட்டால் பிழை நுழையும், இறுக்கிப் பிடித்தால் சரியானதும் வெளியே நிற்கும். எவ்வளவு தளர்த்தலாம் என்று தெரிய, விடை தெரிந்த மாதிரிகள் வேண்டும். சோர்ஸும் பைட்கோட்டும் இரண்டும் கையில் உள்ள மாதிரிகள். கனக்க வேண்டும், விதம்விதமாக வேண்டும்.

முதலில் போனது பைதனோடு வருகிற நியம நூலகத்துக்கு. நூற்றுக்கணக்கான கோப்புகள், காசு கேட்க ஆளில்லை, ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் கொம்பைல் பண்ணலாம். பைதனைச் செய்கிறவர்கள் தங்களுடைய சோதனைக்கென்று எழுதி வைத்த கோப்புகளும் அதோடு வரும். அவை இன்னும் பிரயோசனம். மனிசர் சாதாரணமாக எழுதாத வாக்கியங்களையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள், இலக்கண நூலில் உதாரணத்துக்கென்று கட்டின வாக்கியம் மாதிரி. ஆனால் இரண்டும் தேர்ந்தவர்கள் எழுதினவை. ஃபங்ஷன்கள் சின்னன், ஒழுங்கு, ஒரே நடை. அக்கா 2021 இல் அதிகாலை 2.47க்கு எழுதினது அப்படி இராது.

அதனால் உயர்தரப் பிள்ளைகளிடம் போனோம். உயர்தர ஐசிடி பாடத்தில் பைதன் இருக்கிறது. எங்களில் ஒருத்தி பின்னேரங்களில் அந்தப் பாடத்துக்கு வகுப்பு எடுக்கிறவள். பிள்ளைகளிடம் கேட்டு, விருப்பமானவர்கள் தந்ததை மட்டும் வாங்கினோம். ஒரு பெடியன் “என்ர கோட் பிழையாத்தான் இருக்கும் அக்கா, பரவாயில்லையோ” என்று கேட்டானாம். பிழையாக இருந்தாலும் கொம்பைல் ஆனால் காணும் தம்பி, அதுதான் எங்களுக்கு வேணும்.

குவிந்ததைப் பார்த்தால் அரைவாசிக்கு மேல் ஒரே செய்நிரல். புள்ளியைக் குடு, 75க்கு மேலென்றால் ஏ, 65க்கு மேலென்றால் பி, 55க்கு சி, 35க்கு எஸ், இல்லாவிட்டால் டபிள்யூ. மாறியின் பெயர்தான் வித்தியாசம். இந்த இடத்தில் எங்களுக்கு மூலபாடத் திறனாய்வு வகுப்பு கைகுடுத்தது. ஒரே ஏட்டைப் பார்த்து நூறு பேர் படியெடுத்தால் அது நூறு சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான். சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். அப்படிப்பட்டவர்கள் ஊர் ஊராக ஏடு தேடினது எண்ணிக்கை கூட்டுவதற்கு இல்லையே. வேறு கை எழுதின, வேறு வழியில் இறங்கி வந்த ஒரு பிரதி கிடைக்காதா என்றுதான்.

ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு கணக்குப் போட்டோம். 3.8 இல் நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் இருக்கின்றன. எங்கட மாதிரிகளில் அவற்றில் எத்தனை ஒருமுறையாவது வருகிறது? பிள்ளைகளின் குவியலில் பாதிகூட வரவில்லை. அதே நேரம் நியம நூலகத்தில் காணாத சேர்க்கைகள் அங்கே கிடந்தன. ஒரு பிள்ளை ஏ, பி, சி கணக்கையே ஒரே வரியில் ‘இதுவென்றால் இது, இல்லாவிட்டால் அதுவென்றால் அது’ என்று ஐந்து அடுக்காகக் கோர்த்திருந்தாள். இன்னொருவன் மாதப் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் பலனுக்குமாக நாற்பது கிளை வைத்து ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தான், இறங்கிப் போக ஒரு நிமிடம் எடுக்கும். தேர்ந்தவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பொன். அவ்வளவு நீளமான தாவல்கள் வேறெங்கும் அகப்படவில்லை.

நீளம் ஏன் முக்கியம் என்றால், 3.6க்குப் பிறகு பைதனின் ஒவ்வொரு கட்டளையும் இரண்டு பைட்: ஒன்று கட்டளை, மற்றது அதன் இலக்கம். ஒரு பைட்டுக்குள் 255 வரைக்கும்தான் எழுதலாம். அதற்கு மேலே போனால் முன்னால் ‘நீட்டிப்பு’ என்று இன்னொரு கட்டளையைச் செருகும். சின்ன மாதிரிகள் இந்த எல்லையைத் தொடாது. ஆயிரம் சின்ன மாதிரி சேர்த்தாலும் தொடாது. 247 எழுத்தோடு நின்றிருந்தால் அட்டவணையின் இலக்கங்கள் 255க்குள் அடங்கியிருக்கும். ஜ, ஷ, ஸ, ஹ வந்து சேர்ந்ததால் 299, எல்லை தாண்டிவிட்டது. தமிழ் எழுத்தின் கணக்கு பைட்டின் கணக்கோடு முட்டுகிற அந்த இடத்தைச் சோதிக்க எங்கட அட்டவணையை மாதிரியே இன்னொன்று நாங்களே செய்துதான் போடவேண்டியிருந்தது. வேறு ஆர் செய்யப்போகிறார்கள்?

தமிழுக்கென்றே இன்னும் சில மாதிரி செய்தோம். பைதன் 3 இல் மாறிக்கும் ஃபங்ஷனுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அக்கா வைத்திருக்கிறா. ஆனால் ‘கொ’வை இரண்டு விதமாகத் தட்டலாம்: ‘க’வோடு ஒரேயொரு ‘ொ’ குறி, அல்லது ‘க’வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று. மாறிப்பெயரில் வந்தால் பைதன் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எழுத்துச் சரத்துக்குள் வந்தால் ஒன்றாக்காது, வேறு வேறு சொல் என்றே வைத்திருக்கும். ‘கொண்டல்’ என்று தேடினால் கொண்டல் கண்முன்னே இருக்க ‘இல்லை’ என்று சொல்லும். ஆகவே கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற, ஆனால் ஒப்பீட்டுக் கருவி ‘வேறு’ என்று கத்தவேண்டிய சோடிகள் கொஞ்சம் சேர்த்தோம். வேண்டுமென்றே ஒரு அடைப்புக்குறி மாற்றின சோடிகள், 1க்குப் பதில் ‘உண்மை’ போட்ட சோடிகள், எல்லாவற்றையும் ‘பிழையான சோடிகள்’ என்ற தனிக் கோப்புறையில் போட்டோம். எங்களைக் கேட்டால் முழுத் திரட்டிலும் பெறுமதியானது அந்தக் கோப்புறைதான். சரியை ஏற்கிறதா என்று ஆரும் சோதிப்பார்கள். பிழையை மறுக்கிறதா என்று சோதிக்கத்தான் மினக்கெடவேண்டும்.

ஒரு விசயம் இந்தமாதிரி மாதிரி சேர்க்கிற எல்லாரும் கவனிக்கவேண்டியது. கொம்பைல் பண்ணினால் ஆளின் தடயம் போய்விடும் என்று நினைப்போம். போகாது. சோர்ஸ் எந்தக் கணினியில் எந்தப் பாதையில் இருந்தது என்பது பிவைசிக்குள் எழுதப்பட்டிருக்கும், அந்தப் பாதையில் வழமையாக ஆளின் பெயரே இருக்கும். அக்காவின் கோப்பில் டெஸ்க்டொப், அதுக்குள் ‘இறுதி’, அதுக்குள் ‘இறுதி புதுசு’ என்று கிடக்கிறது (பார்த்துச் சிரித்தோம், எங்கட அசைன்மென்ட் கோப்புறையும் அப்படித்தான்). பிள்ளைகளின் கோட்டுக்குள் வகுப்புத் தோழர்களின் பெயரும் புள்ளியும் அப்படியே பட்டியலாக இருந்தன. ஆகவே பெயர்களை மாற்றி, எல்லாவற்றையும் ஒரு பொதுவான கோப்புறையில் வைத்து நாங்களே திரும்பக் கொம்பைல் பண்ணினோம். நடை முக்கியம், ஆருடைய கணிதப் புள்ளி எவ்வளவு என்பது எங்களுக்குத் தேவையில்லை.

இவ்வளவும் செய்து முடிய இரண்டு மாதம். ஒப்பீட்டுக் கருவி பிழையான சோடி எல்லாவற்றையும் மறுத்த பிறகுதான் அக்காவின் கோப்பைத் திரும்பத் தொட்டோம். கருவி கைவிட்ட ஃபங்ஷன்களுக்கும் மாதிரிகள் உதவின, வேறு விதமாக. ‘இந்தக் கட்டளை வரிசை வரவேண்டுமென்றால் என்ன எழுதியிருக்கவேண்டும்’ என்று தேடலாம். சுழற்சி முடிந்தபின் ‘இல்லாவிட்டால்’ போடுகிற அருமையான வாக்கியம் ஒன்று பைதனில் உண்டு, கனபேர் பாவிப்பதில்லை. அக்கா பாவித்திருக்கிறா. ஒரு உயர்தரப் பிள்ளையின் கோட்டில் அதே வடிவத்தைக் கண்டுதான் எங்களுக்கு விளங்கினது. இப்போது அறுபத்து மூன்றில் அறுபத்தொன்று ஒத்துப்போகிறது. மிச்சம் இரண்டையும் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மீட்ட சோர்ஸின் அளவு 28,906 பைட். தலைப்பில் இருந்தது 41,212. வித்தியாசம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். வெற்று வரிகளும் இடைவெளிகளும் கொஞ்சம் இருக்கும். மிச்சம் கொமென்ட். தமிழில் ஒரு குறி மூன்று பைட் பிடிக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூவாயிரம், நாலாயிரம் குறிகள் வரை அக்கா எழுதி வைத்தது இல்லாமல் போயிருக்கிறது. ஏன் இந்த வரிசை, எந்த அகராதியைப் பார்த்தா, ஆரைக் கேட்டா என்பதெல்லாம் அதற்குள் இருந்திருக்கும். ஃபங்ஷனுக்குத் தலையில் எழுதுகிற விளக்கச்சரம் மட்டும் பைட்கோட்டிலும் தங்கும். அப்படி மூன்றே மூன்று தப்பியிருக்கின்றன. ஒன்றில் “இதைத் தொடாதேங்கோ, தொட்டால் ஃ எங்கயோ போகுது” என்று இருக்கிறது.

வீடியோ கோலில் அக்காவுக்குக் காட்டினோம். அட்டவணையின் அளவு 299 என்று வந்திருந்த வரியைக் கண்டதும் “நான் அப்பிடி எழுதேல்லையே” என்றா. 12 + 18 + 216 + 1 + 52 என்று எழுதினாவாம், வாசிக்கிற பிள்ளைக்கு உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம், கிரந்தம் என்று விளங்கட்டும் என்று. கொம்பைலர் அதைக் கூட்டி ஒரு எண்ணாக்கி வைத்திருக்கிறது. இரண்டுக்கும் பைட்கோட் ஒன்றே, எங்கட ஒப்பீட்டுக் கருவி எதைக் காட்டினாலும் சரியென்றுதான் சொல்லும். நாங்கள் அக்கா சொன்னபடி மாற்றி வைத்தோம்.

பிறகு ஒவ்வொரு ஃபங்ஷனாகக் கீழே இறங்கி, ஞாபகம் வந்த இடத்தில் கொமென்டைச் சொல்லிக்கொண்டு வந்தா, நாங்கள் தட்டிக்கொண்டு போனோம். நாற்பத்து நாலாவதில் நிறுத்திக் கனநேரம் பார்த்தா. ‘ழ’வுக்கு மட்டும் தனியாக ஒரு நிபந்தனை அதில் இருக்கிறது, எங்களுக்கும் ஏன் என்று பிடிபடவில்லை.

“உது ஏன் எண்டு எனக்கும் தெரியேல்ல. ஆனா சும்மா போட்டிருக்கமாட்டன். அப்பிடியே விடுங்கோ.”

அப்படியே விட்டிருக்கிறோம். அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓடவிட்டால் எந்தச் சொல் இடம் மாறுகிறது என்று இந்தக் கிழமை பார்க்கப்போகிறோம்.